ரெக்ஸ்லின் எழுதிய பாகம்

பிப்ரவரி 5, திங்கள்

கோபம் வரும்போதெல்லாம் எழுது என்றார் கவுன்சிலிங் சார். கோபம் வரும்போது எவனாவது பேனாவைத் தேடுவானா? சரி சார், எழுதுகிறேன் சார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மெஸ்ஸில் சாம்பார் வாளியைத் தூக்கி எறிந்ததற்கு எனக்கு இந்தத் தண்டனை. இன்னொரு புகார் வந்தால் காலேஜை விட்டே அனுப்பிவிடுவார்களாம். வாளி யார் மேலும் படவில்லை. பரிமாறியவன் தள்ளி நின்றான், பிழைத்தான்.

இன்று கனகவல்லி மேம் புரொஜெக்ட்டுக்கு மூன்று மூன்று பேராகப் பிரித்தார். காலேஜ் பஸ்ஸில் ஸீட் பதிவு செய்கிற புரோகிராம். அதை எழுதுவதோடு விடவில்லை, கிட் என்று ஒன்றையும் கற்றுக்கொள்ள வேண்டுமாம். எழுதியதை அவ்வப்போது 'கமிட்' செய்தால் நம் பெயரோடு பதிந்துகொள்ளும். 'புஷ்' செய்தால் ரெப்போ என்கிற, எல்லோருக்கும் பொதுவான சேமிப்பிடத்துக்குப் போகும். அடுத்தவன் எழுதியதை 'புல்' செய்து நம் மெஷினுக்கு இறக்கிக்கொள்ளலாம். "ரெப்போல யார் பேர்ல என்ன இருக்கோ அதுக்குத்தான் மார்க். எழுதினேன் மேம், அழிஞ்சு போச்சு மேம்னு ஒருத்தரும் எங்கிட்ட வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார்.

என் குழுவில் உவைஸ். காயல்பட்டினத்துக்காரன், என் ரூம்மேட், நன்றாகப் படிப்பான். மூன்றாவது பெயரை வாசித்ததும் கிளாஸே திரும்பி என்னைப் பார்த்தது. ரெக்ஸ்லின்.

படிப்பு முடிந்து எப்போதோ போயிருக்க வேண்டியவன் அவன். மற்ற எல்லாவற்றிலும் தேறிவிட்டான், இந்த ஒரு பேப்பர் மட்டும் நிற்கிறது. இந்தத் தடவையும் விட்டால் பல்கலைக்கழகம் கொடுத்த கால வரம்பு முடிந்தது, டிகிரியே கிடையாது. அதனால்தான் எங்களைப் போன்ற இரண்டாம் வருடத்துப் பையன்களோடு பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஹாஸ்டலில் அவன் நடந்து வந்தால் வராந்தா காலியாகும். நான் சேர்ந்த புதிதில் என் தலையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிப் பிடித்தவன் இவன்தான். சிரித்துக்கொண்டே பிடித்தான். அதை நான் எப்போதோ மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 7, புதன்

எங்கள் மூன்று பேரில் லேப்டாப் என்னிடம் மட்டும்தான். உவைஸும் அதில்தான் எழுதுகிறான். யார் எழுதுவது என்று கிட்டுக்கு முதலில் பெயர் சொல்ல வேண்டும். என் பெயரைக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். உவைஸ் எழுதியதெல்லாம் பேச்சிராஜா, பேச்சிராஜா என்றே போய் விழுந்திருக்கிறது. "ஏம்பா, நீ தூங்கவே மாட்டியா? எல்லாத்தையும் நீயே எழுதியிருக்க" என்று மேம் கிளாஸில் கேட்க, ஒரே சிரிப்பு. ரெக்ஸ்லின்கூடச் சிரித்தான். உவைஸுக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கு எதற்குத்தான் வந்திருக்கிறது?

ரெக்ஸ்லினுக்கு லேப்தான் கதி. அங்கே இன்னொரு கூத்து. லேப் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் அதில் எழுதியது எல்லாம் போய்விடும். வைரஸ் வரக்கூடாது என்று அப்படி ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறார்கள். எழுந்து போவதற்குள் புஷ் செய்தால்தான் உண்டு.

மேம் இன்று சொன்ன முக்கியமான விஷயம்: புஷ் செய்யும்போது 'முடியாது' என்று வந்தால், நம்மிடம் இல்லாத ஒன்றை வேறொருவர் அங்கே வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அதைப் புல் செய்துவிட்டு அப்புறம் புஷ் செய்ய வேண்டும். கடைசியில் ஃபோர்ஸ் என்று ஒரு சொல் சேர்த்தால் மறுபேச்சில்லாமல் போகும், ஆனால் அடுத்தவர் எழுதியது ரெப்போவில் இருக்காது. "அந்தச் சொல்லை யாரும் தொடக்கூடாது" என்றார். கிளாஸ் நோட்டில் இதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 12, திங்கள்

ரெக்ஸ்லின் ரூமுக்கு வரச் சொன்னான். போனோம். கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தான்.

"லேய் ராஜா, எனக்க பாகத்தையும் நீயே எழுதிரு. எனக்க பேரப் போட்டுத் தள்ளிவிடு. கேட்டா?"

"மேம் வைவால கேப்பாங்கண்ணே."

"கேட்டா நான் பாத்துக்கிடுவேன்."

என் வாய் சும்மா இருக்காது. "புஷ்ஷுன்னா என்னன்னே தெரியாம எப்படிண்ணே பாத்துக்கிடுவீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

எழுந்ததும் தெரியவில்லை, அறைந்ததும் தெரியவில்லை. கதவில் போய் மோதினேன். உவைஸ் நடுவில் வந்து, "அண்ணே, அண்ணே, நாங்க எழுதிருதோம்ணே" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அவன் எதற்குக் கும்பிட வேண்டும்? வெளியே வந்ததும் அவனைத்தான் திட்டினேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

இடது காதில் ஙொய்ங் என்கிறது. ரெக்ஸ்லினின் பாகம் எழுதி, அவன் பெயரில் புஷ் செய்தாயிற்று. துணி துவைக்க வேண்டும்.

பிப்ரவரி 23, வெள்ளி

முதல் வைவா. மேம் ரெக்ஸ்லினிடம் அவன் பெயரில் இருந்த ஒரு வரியைக் காட்டி, இது எதற்கு என்றார். அவன் ஸ்கிரீனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். மேம் கத்தவில்லை. "ரெக்ஸ்லின், இது நீங்க எழுதினது இல்ல. இதை எடுத்துட்டு நீங்களே எழுதுங்க. ஏப்ரல் அஞ்சாந்தேதி கடைசி வைவா. அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். சின்னப் பையன்கள் முன்னால் அவன் காது சிவந்து போனதைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அதை அவனும் பார்த்துவிட்டான்.

ஹாஸ்டலுக்குப் பின்னால் துவைகல் பக்கம் கூப்பிட்டான். "சிரிப்பியாலே? சிரி, இப்பம் சிரி" என்று பின்னங்கழுத்தைப் பிடித்து என் முகத்தைத் தண்ணீர்க் குழாயில் இடித்தான். இரண்டாவது இடியில் முன்பல் பாதி ஒடிந்தது. நாக்கில் தட்டுப்பட்டபோது கல் என்று நினைத்தேன். உவைஸ் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தான். அவனுக்கும் இரண்டு உதை.

வார்டன் கேட்டார். பாத்ரூமில் வழுக்கிவிட்டது சார் என்றேன். ஹாஸ்டலில் எல்லோரும் அங்கேதான் வழுக்கி விழுவார்கள்.

பிப்ரவரி 25, ஞாயிறு

ஊருக்கு வந்தேன். அம்மா பல்லைப் பார்த்துவிட்டு அழுதாள். "கண்ண எங்க வச்சிக்கிட்டு நடந்த, மூதேவி" என்று திட்டிவிட்டு முட்டைக் குழம்பு வைத்தாள். கடிக்க முடியவில்லை, பிசைந்து விழுங்கினேன்.

வழுக்கி விழுந்த கதையை அப்பா நம்பவில்லை. அவர் மினி லாரி ஓட்டுகிறவர், யார் விழுந்தான் யார் அடி வாங்கினான் என்று பார்த்தாலே தெரியும். "திருப்பிக் குடுத்தியா?" என்று ஒரே கேள்வி. இல்லை என்றேன். எழுந்து வந்து முதுகில் ஒன்று வைத்தார். "எனக்குப் பொறந்துட்டு வாங்கிக்கிட்டு வந்து நிக்கியே" என்றார். அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை.

மார்ச் 4, திங்கள்

வேடிக்கையைக் கேளுங்கள். உவைஸ் ரெக்ஸ்லினுக்குப் பாடம் நடத்துகிறான்! மத்தியானம் லேப்பில் பக்கத்தில் உட்கார்ந்து கமிட்டு என்றால் என்ன, புஷ் என்றால் என்ன என்று. இவனையும்தானே உதைத்தான்?

"உனக்குச் சூடு சொரணையே கிடையாதாலே?" என்று கேட்டேன்.

"அவரும் பாவம்ல. டிகிரி முடிச்சிட்டேன்னு வீட்டுல சொல்லி வச்சிருக்காராம். அவங்க அம்மா ஊரு பூரா மிட்டாய் குடுத்துட்டாங்களாம்."

"குடுத்தா குடுக்கட்டும்."

"அவர் பாஸாயிட்டா நம்மளையும் விட்டுருவாரு, ஹாஸ்டலையும் விட்டுப் போயிருவாரு. நமக்கும் நல்லதுதான ராஜா" என்றான். இவனோடு பேசி ஜெயிக்க முடியாது.

மார்ச் 14, வியாழன்

ரெக்ஸ்லின் இரண்டு விரலால்தான் டைப் அடிக்கிறான். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்துகிறான். ஆனால் எழுதுகிறான். ஸீட் ஒதுக்குகிற பாகம் முழுக்க அவனுடையது. கமிட்டோடு என்ன செய்தோம் என்று ஒரு வரி எழுத வேண்டும் அல்லவா, 'ஸீட் வருது', 'ஸீட் வரல', 'இப்பம் வருது', 'ஐயோ போச்சு', 'வந்துட்டு' என்று எழுதி வைத்திருக்கிறான். மேம் படித்துச் சிரித்தாராம். நான் எல்லாவற்றையும் புல் செய்து ஒன்றுவிடாமல் பார்க்கிறேன். குழு வேலை, பார்க்கத்தானே வேண்டும்.

உவைஸுக்கு நோன்பு தொடங்கிவிட்டது. பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் மத்தியானம் பூராவும் ரெக்ஸ்லினுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். சாயங்காலம் ரெக்ஸ்லின் ஒரு தூக்குச்சட்டியோடு பள்ளிவாசலுக்குப் போய் வரிசையில் நின்று நோன்புக் கஞ்சி வாங்கி வருகிறான். ரெக்ஸ்லின்! வரிசையில்! கஞ்சியில் எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றி நீட்டினான். "பல்லு வலிக்குதாலே? கோவத்துல செஞ்சிட்டேன். மனசுல வைக்காத" என்றான்.

வைக்கவில்லை என்றேன். கஞ்சியை வாங்கிக் குடித்தேன். சூடு ஒடிந்த பல்லில் பட்டு உயிர் போனது.

மார்ச் 18, திங்கள்

காலையில் புல் செய்தேன். ரெக்ஸ்லினின் பாகம் முடிந்துவிட்டது. கடைசிக் கமிட்டில் 'முடிஞ்சுது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்' என்று எழுதியிருந்தான். ஓட்டிப் பார்த்தேன், தப்பில்லாமல் ஓடுகிறது. உவைஸ் பக்கத்தில் நின்று, "எப்படி மச்சான், நம்ம அண்ணன்?" என்று சந்தோஷப்பட்டான்.

சாயங்காலம் என் பாகத்தில் ஏதோ குழப்பம் வந்தது. அதனால் என் மெஷினில் இரண்டு வாரத்துக்கு முந்தைய நிலைக்குப் போனேன். அங்கிருந்து என் வேலையைச் சேர்த்துப் புஷ் செய்தேன். முடியாது என்று வந்தது. அவசரம், மெஸ்ஸில் பூரி தீர்ந்துவிடும். கை தவறி அந்த ஃபோர்ஸ் என்கிற சொல் விழுந்துவிட்டது. போய்விட்டது.

பூரி கிடைத்தது.

மார்ச் 19, செவ்வாய்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

லேப்பில் ரெக்ஸ்லின் ரெப்போவைத் திறந்தான். அவன் பெயரில் ஒன்றுமில்லை. முதலில் சிரித்தான். அப்புறம் மெஷினை மாற்றி உட்கார்ந்து பார்த்தான். அப்புறம் இன்னொன்று. என்னிடம் வருவான், கழுத்தைப் பிடிப்பான் என்று எழுந்து தயாராக நின்றேன். பையில் காம்பஸைக்கூடத் திறந்து வைத்திருந்தேன்.

அவன் என் பக்கமே திரும்பவில்லை. "நான்தான் எதையோ அமுக்கிட்டேன்" என்றான். உவைஸிடம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். "எனக்க கைதான் மக்கா. நேத்து எதையோ அமுக்கிட்டேன். எனக்குப் படிப்பு ஏறாதுன்னு அப்பமே சொன்னாங்க." சொல்லிக்கொண்டே நெற்றியை மேஜையில் முட்டினான். உவைஸ் தலைக்கும் மேஜைக்கும் நடுவில் கையைக் கொடுத்தான். அவனைத் தள்ளிவிட்டு எழுந்து, வலது கையை மடக்கி ஜன்னல் கண்ணாடியில் ஓங்கிக் குத்தினான். கண்ணாடி உடைந்து கை முழங்கை வரை வெளியே போனது. அதை அப்படியே பிடுங்கினான்.

ரத்தம் கீபோர்டில் ஓடியது. ஒருத்தன் வாந்தி எடுத்தான். உவைஸ் தன் சட்டையைக் கழற்றிக் கட்டினான். ஆட்டோவில் நானும்தான் கூடப் போனேன், அவனுடைய கையை நான்தான் தூக்கிப் பிடித்திருந்தேன். விரல் நரம்பு அறுந்திருக்கிறதாம், தைத்தார்கள்.

மேமிடம் சொல்லலாம்ணே என்று உவைஸ் கெஞ்சினான். "அழிஞ்சு போச்சுன்னு வரக்கூடாதுன்னு சொல்லிருக்காங்கல்லா" என்று ரெக்ஸ்லின் மறுத்துவிட்டான். கண்ணாடி உடைந்ததற்குக் காரணம் கேட்டவர்களுக்கு எல்லோருமாக ஒன்று சொன்னோம். வழுக்கிவிட்டது.

மார்ச் 22, வெள்ளி

உவைஸ் ஜும்மாவுக்குப் போயிருந்தான். ரெக்ஸ்லின் கட்டு மாற்ற ஆஸ்பத்திரியில். இன்றைக்கென்று மேம் இதை நடத்துகிறார்: கமிட் செய்த எதுவும் அந்த மெஷினை விட்டு உடனே போய்விடாதாம். நாம் எங்கெங்கே இருந்தோம் என்று கிட் தனியே நினைவு வைத்திருக்கும். கேட்டால் காட்டும். அங்கே திரும்பிப் போகலாம்.

ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு என் லேப்டாப்பில் கேட்டேன். காட்டியது. 18ஆம் தேதி காலையில் நான் புல் செய்தது அப்படியே இருக்கிறது. 'ஸீட் வருது', 'ஐயோ போச்சு', 'முடிஞ்சுது', எல்லாம். இந்த உலகத்தில் அது இருக்கிற ஒரே இடம் என் மடி.

மூடி வைத்துவிட்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 23, சனி

தலைவலி. சொல்லவில்லை.

மார்ச் 25, திங்கள்

ரெக்ஸ்லின் இடது கையால் மறுபடி முதலிலிருந்து எழுதத் தொடங்கிவிட்டான். இன்று என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டு வந்தான். என் கட்டில் பக்கத்தில் நின்றான். உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை, அவனும் உட்காரவில்லை. நிற்கிறவனுக்குச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு சுலபம் என்று இன்றுதான் தெரிந்தது.

சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். அவன் நின்ற நிலையைப் பார்த்ததும் இன்னும் இரண்டு நாள் நிற்கட்டும் என்று தோன்றியது.

மார்ச் 27, புதன்

ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்கிறான். "மண்டையில என்னண்ணே வச்சிருக்கீங்க?" என்று தலையில் ஒரு தட்டு தட்டினேன். விளையாட்டுக்குத்தான். வராந்தாவில் நின்ற பையன்கள் மூச்சுவிட மறந்துபோனார்கள். ரெக்ஸ்லின் தலையைத் தடவிக்கொண்டு, "ஒருக்கா மட்டும் திருப்பிச் சொல்லு மக்கா" என்றான்.

சாப்பிடப் போனபோது வரிசையில் எனக்கு வழிவிட்டார்கள்.

மார்ச் 31, ஞாயிறு

ஈஸ்டர். ரெக்ஸ்லின் ஊருக்குப் போகவில்லை. அவன் அம்மா போனில் அழுவது ஸ்பீக்கரில் எனக்கே கேட்டது. "வேல இருக்கும்மா, ஆபீஸ்ல லீவு தரல்ல" என்றான். எந்த ஆபீஸ்?

பாதிகூட முடிக்கவில்லை. இன்று டைப் அடித்ததில் ஒரு வரியைத் தப்பாகப் போட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டான். எனக்கு வந்ததே ஆத்திரம், கட்டுப் போட்ட கையைப் பிடித்து மேஜையோடு அழுத்தினேன். "இது என்ன, இது என்னன்னு கேக்கேன்" என்று அழுத்திக்கொண்டே கேட்டேன். கட்டுத் துணியில் சிவப்பு ஊறியது. அவன் கண்ணில் தண்ணீர் வந்தது, கையை இழுத்துக்கொள்ளவில்லை. நான் இல்லாமல் அவனால் முடிக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

அப்பாவிடம் சொன்னால் சந்தோஷப்படுவார். ஏனோ சொல்லத் தோன்றவில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

உவைஸ் கண்டுபிடித்துவிட்டான். ரெப்போவில் எப்போது யார் என்ன செய்தார்கள் என்று காட்டும் பக்கம் ஒன்று இருக்கிறதாம். 18ஆம் தேதி சாயங்காலம், ஃபோர்ஸ் புஷ், என் பெயர்.

ரூம் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகத்தான் கேட்டான். "ராஜா, தெரியாமத்தான செஞ்ச?"

"ஆமா."

"சரி விடு. அன்னிக்குக் காலைல நீ புல் பண்ணுனல்ல, நான் பாத்தேன். உன் லேப்டாப்புல இருக்கும். திருப்பிக் கொண்டாந்துரலாமாமே, பசங்க சொல்லுதாங்க. எடு."

"இல்லலே. போயிட்டு."

"தேடிப் பாத்தியா?"

"போயிட்டுன்னு சொல்லுதேன்ல!"

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "உனக்குத் தெரியும்" என்றான். "இத்தன நாளும் தெரியும். அவரு கையப் போட்டு நசுக்கினியே, அன்னைக்கும் தெரியும்."

வாயிலேயே குத்தினேன். கட்டில் கம்பியில் போய் விழுந்தான். உதடு கிழிந்துவிட்டது.  நோன்பு, ரத்தம் உள்ளே போய்விடக்கூடாது என்று குனிந்து துப்பிக்கொண்டே இருந்தான். துப்பித் துப்பி முடித்துவிட்டு, "நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் பாப்பேன். நீயே அண்ணன்கிட்ட சொல்லிரு. இல்லேன்னா நான் சொல்லுவேன்" என்றான்.

புகார் போனால் காலேஜை விட்டு அனுப்பிவிடுவார்கள். ரெக்ஸ்லினுக்குத் தெரிந்தால் என்னை உயிரோடு விட மாட்டான். அவனுக்கு ஒரு கை போதும்.

ஏப்ரல் 3, புதன்

நான் முந்திக்கொண்டேன்.

காலையிலேயே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரெக்ஸ்லின் ரூமுக்குப் போனேன். "அண்ணே, உங்க கை மேல தப்பில்ல. வேணும்னே அழிச்சிருக்காங்க" என்று அந்தப் பக்கத்தைக் காட்டினேன். என் பெயரைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. "என் பேருதாண்ணே வரும். அன்னிக்குச் சாயங்காலம் லேப்டாப் உவைஸ்கிட்டல்லா இருந்துச்சு. முன்னாடியே அவன் எழுதுனதெல்லாம் என் பேருல போயி, மேம் சிரிச்சாங்கள்ல" என்றேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது! உடனே, "நீங்க கவலப்படாதீங்க, நான் மீட்டுத் தாரேன்" என்று அவன் கண் முன்னாலேயே செய்தேன். ஒரே வரி. அவன் இடது கையால் இதுவரை எழுதியதோடு சேர்த்துப் புஷ் செய்தேன். வரிசையாக வந்து நின்றன. ரெக்ஸ்லின் ஸ்கிரீனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டான். "நீ எனக்குத் தம்பிலே" என்றான்.

பிறகு எழுந்து போனான்.

உவைஸ் ரூமில் தொழுகைப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ரெக்ஸ்லின் ஒன்றும் கேட்கவில்லை. தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, முழங்காலால் விலாவில் இடித்தான். உவைஸ் மடங்கி விழுந்தான். "நான் இல்லண்ணே, ராஜாட்ட கேளுங்க, நான் இல்லண்ணே" என்றான். "கஞ்சி வாங்கித் தந்தேனேலே, வரிசையில நின்னு வாங்கித் தந்தேனே" என்று சொல்லிச் சொல்லி உதைத்தான். கட்டில் காலில் பட்டுப் புருவம் பிளந்தது. நான் தடுக்கத்தான் போனேன். நடுவில் புகுந்து உவைஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். அதனால் அவன் முகத்தை மறைக்க முடியவில்லை. அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

அந்த நிலையிலும் அவன் ரத்தத்தைத் துப்பிக்கொண்டுதான் இருந்தான்.

ஏப்ரல் 4, வியாழன்

உவைஸின் வாப்பா வந்து கூட்டிப் போய்விட்டார். கிரிக்கெட் பந்து பட்டுவிட்டது என்று அவனே சொல்லியிருக்கிறான். என்னையும் சொல்லவில்லை, ரெக்ஸ்லினையும் சொல்லவில்லை. நான் மெஸ்ஸில் இருந்தேன்.

பாயை விட்டுப் போயிருக்கிறான். மடித்து அலமாரியில் வைத்தேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

கடைசி வைவா. மேம் கேட்ட எல்லாவற்றுக்கும் ரெக்ஸ்லின் பதில் சொன்னான். ஒவ்வொரு வரியும் எதற்கு என்று சொன்னான். ஃபோர்ஸ் போட்டால் என்ன ஆகும் என்றார் மேம். "அடுத்தவன் எழுதுனது போயிரும் மேம். அதைத் தொடக்கூடாது" என்றான். மேம் சிரித்துவிட்டார். "நீங்க பாஸ், ரெக்ஸ்லின். யார் இவ்வளவு நல்லா சொல்லிக் குடுத்தாங்க?"

"உவைஸ் மேம்" என்றான், யோசிக்காமல். சொன்ன பிறகு வாயை மூடவில்லை.

"எங்க அவரு? இன்னைக்கு வைவா இல்லேன்னா அவருக்கு மார்க் கிடையாதே." 

வெளியே வந்ததும் ரெக்ஸ்லின் என் முன்னால் வந்து நின்றான். கோபமாக இல்லை. புரியாத பாடத்தைக் கேட்பவன் முகம்தான் இருந்தது. "லேய் ராஜா. சொல்லித் தந்தவன் எதுக்குலே அழிக்கணும்?"

நான் விலகி நடக்கப் பார்த்தேன்.

"தண்ணிகூடக் குடிக்காம உக்காந்து சொல்லித் தந்தான். அவன் எதுக்குலே அழிக்கணும்?"

 என் முகத்தில் என்ன பார்த்தானோ, சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சாத்தினான். வலது கையை ஓங்கினான். விரல்கள் மடங்கவில்லை. இரண்டு விரல் நீட்டிக்கொண்டே நின்றது. மறுபடி மடக்கப் பார்த்தான். அடிக்கட்டும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அடி விழவே இல்லை.

கண்ணைத் திறந்தபோது அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாளைக்குக் காயல்பட்டணம் போணும். நீயும் வா" என்றான்.

ஏப்ரல் 6, சனி

திருச்செந்தூர் போய் பஸ் மாறினோம். ஒரே ஸீட்டில் உட்கார்ந்தோம். 18ஆம் தேதி கை தவறவில்லை என்று அவனிடம் சொல்ல வழி நெடுக வாயெடுத்து வாயெடுத்துப் பார்த்தேன். பயம். இங்கே எழுதிவிட்டேன். கை தவறவில்லை. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத்தான் அடித்தேன்.

உவைஸின் வாப்பாதான் கதவைத் திறந்தார். "வாங்க மவனே, என்னா வெயில்ல வந்திருக்கிய. எங்களுக்கு நோன்பு, நீங்க தண்ணி குடிங்க" என்றார். என் பெயரைச் சொன்னதும், "நீதான் ராஜாவா? ஒன் லேப்டாப்புலதான் படிக்கேன்னு சொல்லுவான்" என்று என் தோளில் கை வைத்தார். "ஒரு பந்து பட்டதுக்கு விலா எலும்பு ரெண்டு விரிசல் விட்டிருக்கு பாத்துக்க. என்ன வெளையாட்டு வெளையாடுறிய?"

ரெக்ஸ்லின் உடைந்து போனான். வாசலிலேயே உட்கார்ந்து, "பந்து இல்ல மாமா. நான்தான். நான்தான் அடிச்சேன். அவன் ஒரு தப்பும் செய்யல்ல" என்று அழுதான். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியது. வாப்பா என் தோளிலிருந்து கையை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். 

சத்தம் கேட்டு உவைஸ் உள்ளேயிருந்து வந்தான். சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடந்தான். புருவத்தில் தையல், ஒரு கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. கீழே அழுதுகொண்டிருந்த ரெக்ஸ்லினைப் பார்த்தான். "எந்திரிங்கண்ணே, பாஸாயிட்டியளா?" என்று கேட்டான்.

"உவைஸு" என்று நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன்.

அவன் இரண்டு கையையும் தூக்கி முகத்தை மூடிக்கொண்டான். மூடியவன் அப்படியே சுவரோடு ஒட்டிக் குறுகினான். நான் கையைக்கூட நீட்டவில்லை.

வாப்பா மகனைப் பார்த்தார். கீழே இருந்தவனைப் பார்த்தார். என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "நீ உள்ள வா மவனே" என்று ரெக்ஸ்லினைக் கைகொடுத்துத் தூக்கிக் கூட்டிக்கொண்டு போனார்.

உள்ளே போவதற்காகச் செருப்பைக் கழற்றியிருந்தேன். மறுபடி மாட்டிக்கொண்டு தெருவில் நின்றேன்.